"உன்னைச் சொல்லலை" என்கிறார்கள், ஆனால் எண்ணம் மட்டும் ஏன் மாறுவதில்லை?

கேட்டவர் எழுதியதன் சுருக்கம் இது. பொள்ளாச்சியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, கோபாலபுரம் தாண்டி, கேரளத்துச் சித்தூர் பக்கம் வேலைக்குப் போகிறார். கூட வேலை செய்பவர்கள் அன்பானவர்கள்தான், மத்தியானச் சோற்றைப் பகிர்ந்துதான் சாப்பிடுகிறார்கள். ஆனால் திருட்டு, குப்பை, கூலித் தகராறு என்று பேச்சு வந்தால், தமிழரை இளக்காரமாகக் குறிக்கும் சொல்லால் "பாண்டிகள் அப்படித்தான்" என்று யாராவது சொல்லிவிடுகிறார். உடனே இவர் பக்கம் திரும்பி "உன்னைச் சொல்லலை கேட்டோ" என்கிறார். ராத்திரி வீட்டுக்கு வந்தால் அப்பா மலையாளிகளைப் பற்றி அதே தொனியில் பேசுகிறார். தலைமுறை தலைமுறையாக அக்கம்பக்கத்தில் வாழ்ந்தும் இது ஏன் போகமாட்டேன் என்கிறது என்பது அவர் கேள்வி.

நான் சித்தூரை அடுத்த, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தமிழ், மீதிப் பேர் வீட்டில் மலையாளம். அதனால் இது எனக்குப் பாடப்புத்தகக் கேள்வியாக ஒருநாளும் இருந்ததில்லை. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் கூட வேலை செய்பவர்கள் நடிக்கவில்லை என்று நம்புங்கள். நேரில் ஒரு ஆளிடம் நடந்துகொள்வதும், அந்த ஆள் சார்ந்த கூட்டத்தைப் பற்றிப் பேசுவதும் ஒரே மனசுக்குள் மோதாமல் இருக்க முடியும். 1930களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு இளம் சீனத் தம்பதியோடு காரில் நாடு முழுக்கச் சுற்றினார். சீனர்கள்மேல் வெறுப்பு கடுமையாக இருந்த காலம். 251 விடுதிகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் ஏறி இறங்கியதில் ஒரே ஒரு இடத்தில்தான் அவர்களைச் சேர்க்க மறுத்தார்கள். ஆறு மாதம் கழித்து "சீனர்கள் வந்தால் இடம் கொடுப்பீர்களா?" என்று அதே இடங்களுக்கு எழுதிக் கேட்டார். பதில் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் "முடியாது" என்றார்கள். எதிரில் நின்றது சிரித்த முகத்தோடு, நன்றாக உடுத்திய இரண்டு மனிதர்கள். கடிதத்தைப் படித்தபோது மனசில் வந்து நின்றது 'சீனன்' என்ற ஒரு படம். கை கொடுத்தது மனிதர்களுக்கு, பதில் எழுதியது அந்தப் படத்துக்கு.

சரி, நேரில் பார்த்த இரண்டு நல்ல மனிதர்கள் அந்தப் படத்தை ஏன் கொஞ்சமாவது கலைக்கவில்லை? உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது. நம் மனசு ஒரு கூட்டத்தைப் பற்றி வைத்திருக்கும் எண்ணத்துக்கு மாறான ஆளைப் பார்த்தால், பெரும்பாலும் எண்ணத்தைத் திருத்துவதில்லை. அந்த ஆளைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறது. "நம்ம டிரைவர் பாண்டிதான், ஆனா அவன் வேற மாதிரி." "எங்க பக்கத்து வீட்டு மலையாளி டீச்சர் தங்கமானவங்க, மத்தவங்க மாதிரி கிடையாது." விதிவிலக்கு என்று ஓர் அறை ஒதுக்கிவிட்டால் விதி பத்திரமாக இருக்கும். "உன்னைச் சொல்லலை" என்ற வார்த்தை உங்களுக்குச் செய்யும் மரியாதை போலத் தெரிகிறது. அது செய்யும் வேலை, நீங்கள் தினமும் கண்முன்னே நின்று காட்டும் சாட்சியைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது.

1983-ல் ரெனி வெபர், ஜெனிஃபர் குரோக்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வக்கீல், நூலகர் மாதிரியான தொழில்காரர்களைப் பற்றிய விவரங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். வழக்கமான எண்ணத்துக்கு மாறான குணங்கள் எல்லாவற்றையும் ஓரிரண்டு பேர்மேல் குவித்துக் கொடுத்தபோது, படித்தவர்கள் அவர்களை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். பொது எண்ணம் அதிகம் அசையவில்லை. அதே அளவு மாறான விவரங்களைப் பல பேர்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பியபோது எண்ணம் கூடுதலாக மாறியது. இதை நினைவில் வையுங்கள், கடைசியில் உதவும்.

படம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க நம் ஊரைவிட நல்ல இடம் இல்லை. கேரளத்துக்காரர் ஒருவர் பல வருஷமாகத் தமிழரை எங்கே பார்த்தார்? ரோடு போடும் இடத்தில், கல் குவாரியில், செங்கல் சூளையில், பழைய இரும்புச் சாமான் எடுக்க வரும் வண்டியில், நெல் அறுக்க வந்த கூட்டத்தில். தமிழர் ஒருவர் மலையாளியை எங்கே பார்த்தார்? டீக்கடைக் கல்லாவில், பேக்கரியில், நகைக்கடையில், ஆஸ்பத்திரி நர்ஸ் அறையில், எஸ்டேட் மேலாளர் நாற்காலியில். ஒருவரை எப்போதும் ஒரே வேலையில் பார்த்தால், அந்த வேலைக்கு வேண்டிய குணத்தை அவர் பிறவிக் குணமாக எடுத்துக்கொள்வது நம் வழக்கம்.

இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று 1990-ல் நடந்தது. கர்ட் ஹாஃப்மன், நான்சி ஹர்ஸ்ட் இருவரும் தூரத்துக் கிரகம் ஒன்றில் இரண்டு கூட்டங்கள் வாழ்வதாகக் கற்பனை செய்து விவரம் கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தில் பெரும்பாலோர் நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள், இன்னொன்றில் பெரும்பாலோர் குழந்தை வளர்ப்பவர்கள். தனித்தனி ஆட்களின் குணங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டிருந்தன. ஆனாலும் படித்தவர்கள் குழந்தை வளர்க்கும் கூட்டம் இயல்பிலேயே பாசமானது, வேலைக்குப் போகும் கூட்டம் இயல்பிலேயே துணிச்சலானது என்று சொன்னார்கள். இல்லாத கிரகத்து ஆட்களுக்கே இந்தக் கதி என்றால், செங்கல் சுமக்கிற ஆளைத் தினமும் பார்த்தவர் என்ன முடிவுக்கு வருவார் என்று யோசியுங்கள்.

நம் கண்முன்னேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. அந்த வேலைகளில் நிறைய இடத்தில் இப்போது வங்காளம், அஸ்ஸாம், ஒடிஷா பக்கத்துத் தொழிலாளர்கள் நிற்கிறார்கள். தமிழனைப் பற்றிச் சொன்னதெல்லாம், அழுக்கு, குடி, நம்ப முடியாது, கூட்டமாக இருந்தால் பயம் என்பதெல்லாம், வார்த்தை மாறாமல் 'பெங்காளி'மேல் ஏறியிருக்கிறது. ஒடிஷாக்காரரும் அங்கே பெங்காளிதான். நம் பக்கம் மட்டும் என்ன? திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் 'வடக்கன்' என்று சொல்லும் தொனியைக் கேளுங்கள். 'பாண்டி' என்ற சொல்லால் காயப்பட்ட அதே வாய் அதைச் சொல்கிறது. எனக்கு இது மனசைப் பிசைகிற விஷயம்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் வசை மட்டும் பேசுவதில்லை. "பாவம், பாண்டி நல்லா உழைப்பான், ஆனா விவரம் போதாது" என்பார்கள் அந்தப் பக்கம். "மலையாளி கெட்டிக்காரன், ஆனா காரியவாதி, நம்பக் கூடாது" என்பார்கள் இந்தப் பக்கம். சூசன் ஃபிஸ்க்கும் அவர் சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குத்தான் விளக்கம் தருகிறது. அடுத்த கூட்டத்தைப் பார்த்ததும் மனசு இரண்டு கேள்வி கேட்கிறது: இவர்கள் நமக்கு நல்லது நினைப்பவர்களா? நினைத்ததைச் செய்யும் திறமை இருக்கிறதா? வசதியிலும் பதவியிலும் மேலே இருப்பவர்களுக்குத் திறமை உண்டு என்று எழுதிக்கொள்கிறோம். நம்மோடு போட்டி போடுபவர்களுக்கு நல்லெண்ணம் இல்லை என்று எழுதிக்கொள்கிறோம். கூலிக்கு வந்தவர் போட்டியில்லை, அதனால் 'பாவம்'. கடை வைத்தவர் போட்டி, அதனால் 'காரியவாதி'. பாராட்டு கலந்திருப்பதால் சொல்பவருக்குத் தான் பாரபட்சம் பேசுகிறோம் என்றே தோன்றாது.

போட்டி என்றதும் தண்ணீரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர் பகுதிக்கு வரவேண்டும். நல்ல மழை வருஷத்தில் யாரும் அந்தக் கணக்கைப் பேசுவதில்லை. வறட்சி வருஷத்தில் வாய்க்கால் காய்ந்ததும் கள்ளுக்கடையிலிருந்து கல்யாண வீடு வரை பேச்சு மாறிவிடும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்தபோது குமுளிப் பக்கம் நடந்ததை மறக்க முடியாது: இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் தேனிப் பக்கம் ஓடிவந்தார்கள், தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. முந்தின மாதம்வரை ஒன்றாக டீ குடித்தவர்கள்தான். 1954-ல் முசாபர் ஷெரிப் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்து, பரிசுக்கு மோதவிட்டார். சில நாளில் கொடியை எரிக்கிறார்கள், அடுத்த அணியின் குடிசைக்குள் புகுந்து சூறையாடுகிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகள், பழைய பகை எதுவும் கிடையாது.

பழைய பகை என்றால் நம்மிடம் நிஜமாகவே ஒன்று இருக்கிறது. சித்தூர் பகவதி கோயிலில் வருஷா வருஷம் கொங்கன் படை என்ற விழா கொண்டாடுகிறார்கள், கொங்கு நாட்டுப் படையை முறியடித்த நினைவாக. தமிழ் பேசும் எங்கள் ஊர்க்காரர்களும் குழந்தைகளைத் தோளில் வைத்துப் பார்க்கப் போவார்கள். பழைய போர் யாரையும் யாருக்கும் எதிரியாக்கவில்லை, இந்த வருஷத் தண்ணீர்தான் ஆக்குகிறது.

படத்துக்கு நாள்தோறும் தீனி போடுவது செய்தி. 1976-ல் டேவிட் ஹாமில்டன், ராபர்ட் கிஃபர்ட் செய்த சோதனையை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். 39 வாக்கியங்கள். 26 வாக்கியம் 'அ' கூட்டத்து ஆட்களைப் பற்றி: 18 நல்ல செயல், 8 கெட்ட செயல். 13 வாக்கியம் 'ஆ' கூட்டத்தைப் பற்றி: 9 நல்லது, 4 கெட்டது. விகிதம் இரண்டிலும் ஒன்றேதான். ஆனால் படித்தவர்கள் சின்னக் கூட்டமான 'ஆ'வின் கெட்ட செயல்களை இருந்ததைவிட அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள், அந்தக் கூட்டத்தையே மட்டமாக மதிப்பிட்டார்கள். காரணம் எளிது. எண்ணிக்கையில் குறைந்த கூட்டம் கண்ணில் படும். கெட்ட செயலும் அபூர்வம் என்பதால் கண்ணில் படும். இரண்டும் ஒன்றாக வரும்போது மனசில் ஒட்டிக்கொள்கிறது. இப்போது பேப்பரை எடுங்கள். கேரளத்தில் கழுத்துச் சங்கிலி பறித்தவர் வெளியூர்க்காரராக இருந்தால் 'தமிழ்நாடு சுவதேசி', அதாவது தமிழ்நாட்டுக்காரர், என்று தலைப்பிலேயே வரும். நம் பேப்பரில் 'கேரளாவைச் சேர்ந்த வாலிபர்' என்று வரும். திருடியவர் உள்ளூர்க்காரராக இருந்தால் மாநிலம் எதற்கு? எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் வேண்டியதில்லை, படிப்பவர் மனசு மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் சின்ன விஷயம், பேச்சுதானே என்று நினைப்பவர்களுக்காக நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அரசு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். இருவர் விண்ணப்பத்திலும் நிலவரி கட்டிய ரசீதின் நகல் இல்லை. முதல் ஆள் மலையாளத்தில் பேசினார். "எதிர்க் கடையில ஒரு காப்பி எடுத்துட்டு வாங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று பதில் வந்தது. அடுத்தவர் தோளில் துண்டு போட்ட வயசானவர், எருத்தேம்பதிப் பக்கத்துத் தமிழ். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல், "எல்லாம் சரி பண்ணிட்டு நாளைக்கு வாங்க" என்றார்கள். "சரிங்க சார்" என்று காகிதத்தை மடித்து ஜோபியில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு நாள் கூலி போச்சு. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் யாரையும் திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. பாரபட்சம் காட்டினீர்களா என்று கேட்டால் மனசறிந்து இல்லை என்றுதான் சொல்வார். அன்றாட முன்முடிவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ஒருவருக்குக் கிடைத்த சின்ன உதவி இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகும். புகார் எழுத அதில் எதுவும் இருக்காது.

அதோடு நிற்பதும் இல்லை. 1974-ல் கார்ல் வேர்ட், மார்க் சானா, ஜோயல் கூப்பர் மூவரும் வேலை நேர்காணலைச் சோதனையாக நடத்தினார்கள். வெள்ளையர்கள் கறுப்பின ஆட்களை நேர்காணல் செய்தபோது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், பேச்சில் தடுமாறினார்கள், சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள். அடுத்த கட்டத்தில், அதே மாதிரித் தள்ளி உட்கார்ந்து அவசரமாக முடிக்கும்படி பழக்கி, வெள்ளையர்களையே அப்படி நேர்காணல் செய்ய வைத்தார்கள். அந்த வெள்ளையர்களும் திணறினார்கள், பதில் மோசமாகச் சொன்னார்கள். "அவங்களுக்குச் சரியாப் பேசத் தெரியாது" என்ற முடிவை, கேட்பவரின் நாற்காலியே உண்டாக்கியிருந்தது. அந்தப் பெரியவர் அடுத்த முறை இன்னும் தயங்கித்தான் போவார். அந்தத் தயக்கத்தைப் பார்த்து அங்கே இருப்பவர் தன் எண்ணம் சரிதான் என்று உறுதி செய்துகொள்வார்.

எல்லை மீறிப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் தூரம் போக வேண்டாம். 2018 பிப்ரவரியில் எங்கள் மாவட்டத்து அட்டப்பாடியில் மது என்ற ஆதிவாசி இளைஞரை, அரிசி திருடினார் என்று பிடித்துக் கையைக் கட்டி அடித்துக் கொன்றார்கள். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். 2023-ல் 14 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் அன்று காலை திடீரென்று முளைத்தவர்கள் இல்லை. 'அவங்க அப்படித்தான்' என்ற பேச்சைப் பல வருஷம் கேட்டு வளர்ந்தவர்கள்.

உங்கள் கேள்வி தமிழர்–மலையாளி பற்றியது, ஆனால் மொழியோடு நிறுத்தினால் பதில் அரைகுறையாகிவிடும். 2017-ல் முதலமடைப் பஞ்சாயத்து கோவிந்தாபுரத்தில் அம்பேத்கர் காலனியைச் சேர்ந்த சக்கிலியர் மக்கள், தங்களுக்குத் தீண்டாமை இழைக்கப்படுகிறது என்று வெளிப்படையாகப் புகார் சொன்னார்கள். தீண்டாமை காட்டியதாகச் சொல்லப்பட்டவர்களில் தமிழ் பேசுபவர்களும் இருந்தார்கள். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே நடத்திய ஆய்வு 2006-ல் வந்தது. பள்ளிப் பையன்களுக்குப் புதிர்ப் பாதை வரைபடங்கள் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு சாதிப் பையன்களும் ஏறக்குறைய ஒரே அளவு போட்டார்கள். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னும் வாசித்தபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் போட்டது குறைந்தது. தங்களை இங்கே எப்படி மதிப்பிடுவார்கள் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், அதுவே கையைக் கட்டிவிடுகிறது.

அப்புறம், பக்கத்தில் வாழ்ந்தால் போதும், பழகினால் சரியாகிவிடும் என்பது எவ்வளவு நிஜம்? கோர்டன் ஆல்போர்ட் 1954-லேயே சொல்லிவிட்டார், வெறும் பழக்கம் போதாது என்று. சமமான நிலையில் சந்திக்க வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், அதற்காக ஒத்துழைக்க வேண்டும், மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். 2006-ல் தாமஸ் பெட்டிகுரூ, லிண்டா டிராப் இருவரும் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பழக்கம் பொதுவாக முன்முடிவைச் சுமாரான அளவில் குறைக்கிறது, இந்த நிபந்தனைகள் இருந்தால் கூடுதலாகக் குறைக்கிறது என்று தெரிந்தது. முதலாளி–கூலியாக முப்பது வருஷம் பழகினாலும் அது படத்தைக் கெட்டிப்படுத்தத்தான் செய்யும் என்பது என் எண்ணம். அந்தப் படம் வரைந்ததே அந்த உறவில்தானே.

இந்தியாவிலேயே கிடைத்த நல்ல சான்று 2021-ல் வந்த மேட் லோவின் ஆய்வு. உத்தரப் பிரதேசத்தில் வேறு வேறு சாதி இளைஞர்கள் 1,261 பேரைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரை வைத்துக் கிரிக்கெட் லீக் நடத்தினார். கலந்த அணியில் ஒன்றாக ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் அதிகமானார்கள். எதிரணியில் வேறு சாதிக்காரர்களைச் சந்தித்தவர்களுக்குப் பெரும்பாலும் எதிர்மாறாக ஆனது. இரண்டுமே பழக்கம்தான், ஆனால் எந்தப் பக்கம் நின்று பழகினார்கள் என்பதில் எல்லாம் மாறிவிட்டது. நம் பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலைக்கு எதிராக 2002-ல் எரவாளர், மலசர் ஆதிவாசிகள் தொடங்கிய போராட்டத்தில், கிணற்றுத் தண்ணீர் கெட்டதால் தமிழும் மலையாளமும் பேசுபவர்கள் ஒரே பந்தலில் உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அதனால் எல்லார் மனசும் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மயிலம்மா என்ற எரவாளப் பெண் பேசியதை, அதுவரை அந்தச் சமூகத்து ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டிராதவர்கள் நின்று கேட்டார்கள்.

இனி நீங்கள் என்ன செய்யலாம் என்பது. அப்பாவிடம் "அப்படிப் பேசாதீங்க" என்று வாயை அடைக்கப் பார்க்க வேண்டாம். ஓர் எண்ணத்தை வலுக்கட்டாயமாக அமுக்கினால் அது பிறகு இன்னும் வேகமாக மேலே வரும் என்று நீல் மெக்ரேயும் சகாக்களும் 1994-ல் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பதில் கேள்வி கேளுங்கள்: எந்த மலையாளி, எப்போது, என்ன செய்தார்? பெரும்பாலான பேச்சு அங்கேயே ஆட்களாகப் பிரிந்துவிடும்.

வேலை இடத்தில் "உன்னைச் சொல்லலை" என்றால் சிரித்து ஏற்றுக்கொள்ளாதீர்கள். கோபப்படவும் வேண்டாம். அவர்களுக்கே தெரிந்த ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: "அப்ப நம்ம லோடு இறக்குறவரையா? கேன்டீன் அக்காவையா? ராத்திரி வாட்ச்மேனையா? போன மாசம் உங்க பையனுக்கு ரத்தம் கொடுத்தவரையா?" ஒரு ஆளை விதிவிலக்காக ஒதுக்கலாம். தெரிந்த முகமாக ஐந்தாறு பேரை ஒதுக்குவது கஷ்டம். கூடவே, அடுத்த முறை ஷிப்டோ ஓணச் சந்தாவோ விளையாட்டு அணியோ பிரிக்கும்போது, தமிழ் ஆட்கள் ஒரு பக்கம், மலையாளிகள் ஒரு பக்கம் என்று பிரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சூப்பர்வைசர் நல்லவர் என்று எழுதியிருந்தீர்கள். அவரிடம் இதை மட்டும் கேட்டுப் பாருங்கள்.